கலியாணச் சோஸும் இரண்டு இராகுகாலமும்

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மொன்றியல் விமான நிலையத்தில் இறங்கினேன். பையில் இரண்டு ஸ்வெட்டர், கம்பளிக் கையுறை, கையில் ஒரு குரங்குத் தொப்பி. கனடா என்றால் பனி என்று விருதுநகரில் எனக்குச் சொல்லி அனுப்பாதவர் ஒருவர்கூட இல்லை. வெளியே ஜூன் மாத வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. என்னை அழைத்துப்போக வந்திருந்த குகனேசன் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக நின்றான். தொப்பியைப் பார்த்துவிட்டு, "மச்சான், ஆறு மாசம் பிந்தி வந்திட்டாய்," என்றான்.

குகனேசன் யாழ்ப்பாணத்துக்காரன். எண்பதுகளின் கடைசியில் திருச்சியில் கல்லூரி விடுதியில் நானும் அவனும் ஒரே அறை. என் சட்டைகளை அவன் போட்டான், அவன் வாங்கிய பன்ரொட்டிகளை நான் தின்றேன். பிறகு அவன் கனடா போய்விட்டான், நான் ஊரில் வத்தல் வியாபாரத்தில் உட்கார்ந்துவிட்டேன்; இடையிடையே பயணக் கட்டுரை எழுதுவதும் உண்டு. இப்போது அவன் மொன்றியல் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லாரி ஓட்டுகிறான். மகள் துளசிக்கு இரண்டு வாரத்தில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு என்னால் இருக்க முடியாது. வத்தல் சீசன் விடாது. முன்னால் வரும் சடங்குகளையாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ஆறு நாளுக்கு வந்திருந்தேன்.

விமான நிலையத்திலிருந்து கர்க்லாண்டில் உள்ள அவன் வீட்டுக்குப் பதினைந்து நிமிடம். வழியெல்லாம் வீட்டு மாடங்களில் நீலமும் வெள்ளையுமாகக் கியூபெக் கொடிகள். அந்த வாரம் அவர்களுடைய மாநிலத் திருநாளாம். குகனேசனின் வீட்டுக் கார்க்கொட்டகையில் கார் நிற்க இடமில்லை. பெரிய எண்ணெய்ச் சட்டிகள், மாவு மூட்டைகள், டொரொண்டோவிலிருந்து வந்த வாழை இலைப் பெட்டிகள்.

ஏழு மணிக்குச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை என்பதால் சைவம்: இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் குழம்பு. நடுவில் ஒரு பெரிய கோப்பை நிறைய லெட்டூஸ் இலை. இலை தழையைப் பச்சையாகத் தின்பது ஆட்டின் வேலை என்று இத்தனை காலம் நினைத்திருந்தவன் நான். மரியாதைக்கு இரண்டு இலையைத் தட்டில் வைத்துக்கொண்டேன். குகனேசனின் மனைவி வதனி அதன்மேல் செம்மஞ்சள் நிறத்தில் கெட்டியான ஒரு சோஸை ஊற்றினார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கோப்பை காலியானது. இலை தீர்ந்ததும் இடியப்பத்தின் மேல் ஊற்றிக்கொண்டேன். முதலில் தயிரின் குளிர்ச்சி, பிறகு தக்காளியின் இனிப்பு, அடியில் வறுத்த மிளகாயின் சூடு, இதெல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது பல்லில் அகப்படுகிற ஒரு சின்னத் துண்டு, உப்பும் புளிப்பும் கசப்புமாக. இதன் பெயர் கலியாணச் சோஸ் என்றும், மொன்றியலில் எந்தத் தமிழ் மண்டபத்திலும் சலாட்டுக்கு இதுதான் என்றும் துளசி சொன்னாள். நான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, "இதைக் கண்டுபிடிச்ச மகராசி யாரும்மா?" என்று கேட்டேன்.

குகனேசன் குனிந்து கால் விரலைப் பார்த்தான். துளசி "ஊ லா லா" என்று மெதுவாகச் சொன்னாள். வதனி காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு, "வடிவாச் சாப்பிடுங்கோ அண்ணை. அதைப் பேந்து கதைப்பம்," என்று உள்ளே போனார். அவர் பிறகு கதைக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு குகனேசன் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு நகருக்குள் போனான். ஊர் பார்ப்பது என்பது பெயருக்கு. நான் சோஸின் பூர்வீகத்தைத் துப்பறியக் கிளம்பியிருந்தேன். தமிழ்க் கடைகள் கூடிய ஒரு தெருவில் மூன்று சாப்பாட்டுக் கடைகளில் ஏறி இறங்கினோம். மூன்றிலும் கலியாணச் சோஸ் மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் விற்கிறது. ஒரு கிண்ணம் ஒரு டாலர், நம் கணக்கில் அறுபது ரூபாய்க்கு மேல்.

முதல் கடைக்காரர், "இதை முதல்ல போட்டது எங்கட கடையிலதான், ஆரையும் கேளுங்கோ," என்றார். இரண்டாம் கடைக்காரம்மா கொஞ்சம் யோசித்து, "உது டொரொண்டோவில இருந்து வந்த சாமான். மொன்றியல்காரருக்கு உவ்வளவு மூளை இல்லை," என்றார். அவரே மொன்றியல்காரர்தான். மூன்றாம் கடையில் கல்லாவில் இருந்தவன் சென்னையிலிருந்து படிக்க வந்த பையன். "அங்கிள், இது சூப்பர்மார்க்கெட்ல விக்கிற தௌசண்ட் ஐலண்ட் டிரெஸிங்தான். ஊறுகாய் போட்டு நம்மாளாக்கி வெச்சிருக்காங்க. அந்த ஆயிரம் தீவும் இங்கேதான் இருக்கு, இதே ஆத்துல மேல போனா வரும்," என்றான்.

எனக்கு இதொன்றும் புதிதில்லை. எங்கள் ஊரில் எண்ணெய்ப் பரோட்டாவை முதலில் பொரித்தது யார் என்று கேட்டால் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பெயரும் அந்தப் பக்கம் ஒரு பெயரும் வரும். எல்லாப் பலகையிலும் 'ஒரிஜினல்' என்று இருக்கும். சாப்பிடுகிறவனுக்கு அதைப்பற்றிக் கவலை கிடையாது. ஆனால் ஒரு கேள்விக்கு வீடே வாயை மூடிக்கொண்டதை நான் எங்கும் பார்த்ததில்லை.

பதினொரு மணிக்கு ஜான்-தலோன் சந்தையில் ஒரு கூடை ஸ்ட்ராபெரி வாங்கினோம், ஆறு டாலர். அந்த வாரம்தான் உள்ளூர்ப் பழம் வரத் தொடங்கியிருந்தது. மரப் பெஞ்சில் உட்கார்ந்து தின்றுகொண்டே குகனேசன் உண்மையைச் சொன்னான்.

பல வருடங்களுக்கு முன் சொந்தக்காரர் வீட்டுப் பெண்ணுக்குச் சாமத்தியவீடு, நம் ஊரில் பூப்புனித நீராட்டு விழா என்போமே, அது. மண்டபம் வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. சமையல் முழுக்கச் சைவம். மண்டபக்காரர்கள் சலாட்டும், அதற்குப் போத்தலில் தௌசண்ட் ஐலண்ட் சோஸும் கொடுத்திருந்தார்கள். பந்தி தொடங்கும் நேரத்தில் யாரோ போத்தலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டார்கள். முட்டை. வெள்ளிக்கிழமை, இருநூறு பேர், முட்டை. சமையலறையில் நின்றது இரண்டே பேர்: வதனி, இன்னொருவர் குகனேசனின் அக்கா மலர்.

"கால் மணித்தியாலத்தில செய்தவை மச்சான். மயோனைஸுக்குத் தயிர். தக்காளிச் சோஸ். செத்தல் மிளகாயை வறுத்து நொறுக்கிப் போட்டவை. போத்தல் சோஸில வெள்ளரிக்காய் ஊறுகாய் குறுணி குறுணியா இருக்குமல்லே, அதுக்கு இவையிட்ட என்ன இருக்கு? வதனி வீட்டில போட்ட தேசிக்காய் ஊறுகாய், உங்கட எலுமிச்சங்காய்தான், அது இருந்தது. அதைச் சின்னனா வெட்டிப் போட்டவை. சனம் சோத்தை விட்டிட்டுச் சலாட்டுக்கு வரிசையில நிண்டது."

"ஊறுகாயைப் போட்டது யார்?"

"அதுதான் பிரச்சினை. வதனி, தான்தான் போட்டது எண்டுறா. அக்கா, தான்தான் எண்டுறா. ஆனா வருஷக்கணக்கா அது ஒரு பிரச்சினையாவே இருக்கேல்லை. ஆரும் கேட்டா ரெண்டு பேரும் 'நாங்கள் செய்தது' எண்டுதான் சொல்லுறவை."

போன கோடையில் தமிழர் தெருவிழா. மேடையில் திடீரென்று, கலியாணச் சோஸை உலகுக்குத் தந்த அம்மையார் என்று அறிவித்து மலர் அக்காவைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்திவிட்டார்கள். மலர் அக்கா கும்பிட்டார், இறங்கினார், அவ்வளவுதான். வதனி இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டக் கையைத் தூக்கியவர், அப்படியே இறக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து மச்சாள்மார் இருவருக்கும் பேச்சு இல்லை.

"சரி, சோஸ் சண்டைதானே," என்றேன்.

"சோஸ் இல்லை மச்சான். புதன்கிழமை பலகாரச் சூடு."

கல்யாணத்துக்கு முன்பு ஒரு நல்ல நாளில் சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் கூடிப் பலகாரம் சுடுவது அவர்கள் வழக்கம். குகனேசன் வீட்டில் எண்ணெய்ச் சட்டியில் முதல் பலகாரத்தைப் போட வேண்டியது மணப்பெண்ணின் மாமி, அதாவது தகப்பனின் சகோதரி. மலர் அக்காதான். அந்த மாமியை அழைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. போனில் சொன்னால் சொன்னதாகாது. அண்ணன் தம்பி போய் நின்றாலும் ஆகாது. வீட்டுக்காரி நேரில் போய், வாசல் ஏறி, வாயால் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டார் வதனி. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் மலர் அக்காவின் வீடு மட்டும் பாக்கி.

"துளசி ராவு ராவா அழுறாள். அவளைத் தூக்கி வளர்த்தது அக்கா. மாமி வராட்டி எனக்குப் பலகாரமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம் எண்டு நிக்கிறாள். வதனியிட்டச் சொன்னா, அவா மேடையில என்ர பேரைச் சொன்னவாவோ எண்டு கேக்கிறா. நான் எங்க போவன்?" பழக் கூடையைப் பார்த்தபடி சொன்னான். துறைமுகத்தில் நாற்பது அடிப் பெட்டியைப் பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்துகிறவனுக்கு இரண்டு பெண்களுக்கு நடுவில் திருப்ப இடமில்லை.

பிறகு அவன் திட்டத்தைச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் தீவு பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடிக்க வேண்டும். விருந்தாளி கேட்டால் வதனி மறுக்க மாட்டார். திரும்பும்போது பாதை மாறி அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்திவிடுவான். நான் அடம்பிடிப்பதில் கெட்டிக்காரன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறோமோ என்று ஒரு பயம் இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். துளசி வரவில்லை. முன்னால் குகனேசனும் நானும், பின்னால் வதனியும் ஒரு பெரிய தூக்குப் பையும். கர்க்லாண்டிலிருந்து மேற்கே இருநூற்றைம்பது கிலோமீட்டர். இருபதாம் நெடுஞ்சாலையில் ஏறி, இரண்டு பாலம் கடந்து, ஒன்டாரியோ எல்லையைத் தாண்டியதும் அதே சாலைக்கு நானூற்றொன்று என்று பெயர் மாறுகிறது. பலகைகளில் பிரெஞ்சு போய் ஆங்கிலம் வந்துவிடுகிறது. வதனி ஒரு பாலர் பராமரிப்பகத்தில் வேலை பார்க்கிறார். அங்கே சண்டை போடும் பிள்ளைகளை என்ன செய்வீர்கள் என்று குகனேசன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான். "ஒரே மேசையில பக்கத்தில பக்கத்தில இருத்துவன். பசிச்சா தானாச் சேருவினம்," என்றவர், கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து மணிக்கு கனானோக்வே என்ற சிற்றூர். படகுக்கு ஆளுக்கு நாற்பது டாலர். செயின்ட் லாரன்ஸ் ஆறு அங்கே கடல் மாதிரி அகன்று கிடக்கிறது. அதில் யாரோ கூடையைக் கவிழ்த்துவிட்ட மாதிரித் தீவுகள். சிலவற்றில் மாளிகை, சிலவற்றில் ஒரு கூடாரம், ஒன்றில் ஒரு நாற்காலியும் அதில் ஒரு ஆளும் மட்டும். தண்ணீருக்கு மேலே வருடம் முழுக்கத் தெரிய வேண்டும், உயிருள்ள மரம் இருக்க வேண்டும், அப்படியானால்தான் தீவு என்று கணக்காம். அந்தக் கணக்கில் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல். நம் ஆட்கள் பெயர் வைத்திருந்தால் ஆயிரம் என்று குறைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். காற்றும் வெயிலும் சேர்ந்து அடித்தது. என் குரங்குத் தொப்பிக்கு அன்றுதான் உபயோகம் வந்தது. வதனி அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். மூன்று நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

வழிகாட்டிப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஒலிபெருக்கியில் கதை சொல்லிக்கொண்டே வந்தவர் சோஸ் கதைக்கு வந்தார். இதை முதலில் செய்தது மீன்பிடிக்க ஆள் கூட்டிப்போகும் ஒரு படகுக்காரரின் மனைவி என்கிறார்கள் சிலர். கரையில் சமைத்த மீனோடு பரிமாறினாராம். இல்லை, அக்கரையில் கோட்டை கட்டத் தொடங்கிய ஓட்டல் முதலாளியின் சமையல்காரர், படகில் சோஸை மறந்துவிட்டுக் கைக்குக் கிடைத்ததைக் கலக்கினார் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே இல்லை, அமெரிக்காவில் தூரத்து நகரமொன்றின் ஓட்டலில் பிறந்தது என்று இன்னொரு கட்சி. கரையோர ஊர்களுக்குள் இதற்கு இன்னும் வாய்ச்சண்டை உண்டாம்.

"நீங்கள் எதை நம்புகிறீர்கள்?" என்று ஒரு பயணி கேட்டார்.

"காலைப் படகில் முதல் கதையை. மாலைப் படகில் இரண்டாவதை," என்றார் அந்தப் பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

வதனி சிரிக்கவில்லை. இறங்கும் நேரம் வழிகாட்டியின் அருகே போய் ஆங்கிலத்தில் கேட்டார்: படகுக்காரரின் மனைவி தனியாகவா செய்தார்? பக்கத்தில் வேறு பெண் யாரும் நிற்கவில்லையா?

வழிகாட்டிக்கு இந்தக் கேள்வி புதிது. "நின்றிருக்கலாம். அத்தனை பேருக்கு ஒருத்தி தனியாகச் சமைக்க முடியாது. ஆனால் கதையில் ஒருவரைத்தான் சொல்கிறார்கள்," என்றார். வதனி நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

பன்னிரண்டரைக்கு ஆற்றங்கரைப் புல்லில் ஜமுக்காளம் விரித்தோம். தூக்குப் பையிலிருந்து ஆட்டிறைச்சி ரோல்ஸ், கட்லட், பிளாஸ்க்கில் தேநீர். குகனேசன் கடையில் 'அசல் ஆயிரம் தீவு' என்று எழுதிய சோஸ் போத்தல் ஒன்றை ஒன்பது டாலருக்கு வாங்கி வந்தான். வதனி ரோல்ஸின் முனையில் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தார்.

"சீ, சீனிப்பாணி. மச்சாள் இதைக் கண்டா போத்தலோட பறிச்சு ஆத்தில எறிஞ்சிருப்பா. அண்டைக்கு நான் தக்காளிச் சோஸைக் கூட ஊத்தப் போக, கையில அடிச்சவா எல்லே..."

சொல்லி முடிக்கவில்லை. பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டார். ரோல்ஸை ஜமுக்காளத்தில் வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்தார். குகனேசன் என் காலை மிதித்தான். நானும் ஆற்றைப் பார்த்தேன். பார்க்க அங்கே நிறைய இருந்தது.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். கார்ன்வாலைத் தாண்டினோம். பிறகு பின்னாலிருந்து வதனியின் குரல் வந்தது.

"துளசியப்பா, கார்ட்டியர்வில்லுக்கு விடுங்கோ. சொல்லிப்போட்டுப் போவம்."

குகனேசன் இரண்டு நாளாகப் போட்ட திட்டம் அப்படியே வீணாகிப்போனது. சந்தோஷத்தில் வேகத்தைக் கூட்டி, உடனே பயந்து குறைத்தான்.

"வாசல்ல நிண்டு சொல்லுவன். உள்ளுக்கு வரமாட்டன்," என்றார் வதனி.

"ஓம், ஓம். வாசல் காணும், அதுவே போதும்."

ஐந்து மணிக்குப் பதின்மூன்றாம் நெடுஞ்சாலையில் ஏறி, ஆன்றி-பூராசா வீதியில் இறங்கி, செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் அமைதியான ஒரு தெருவில் காரை நிறுத்தினான். மலர் அக்காவின் வீட்டு வாசலில் இரண்டு சாடியில் கறிவேப்பிலை. நான் கதவைத் திறந்தேன்.

"அண்ணை, இறங்காதேங்கோ. இராகுகாலம்," என்றார் வதனி.

ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு. அது எனக்கும் தெரிந்ததுதான். மகளின் நல்ல காரியத்தை இராகுகாலத்தில் சொல்ல முடியுமா? கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். மேல் ஜன்னலில் திரைச்சீலை ஒதுங்கியது, மூடியது, மறுபடி ஒதுங்கியது. குகனேசனின் போன் அடித்தது. அவன் ஒலிபெருக்கியில் போட்டான்.

"ஏன் காருக்குள்ள இருக்கிறியள்?" மலர் அக்காவின் குரல்.

"இராகுகாலம் அக்கா."

"அது ஆறே முக்காலுக்குத்தானே துவங்குது."

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. வதனி சமையலறையில் மாட்டியிருப்பது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாட்காட்டி. மலர் அக்கா பார்ப்பது இங்குள்ள கோயிலில் மொன்றியல் சூரியனுக்குக் கணித்த பஞ்சாங்கம். கோடையில் இங்கே ஒன்பது மணிவரை பொழுது சாய்வதில்லை, அதனால் அந்த இராகுகாலம் பிந்தி வருகிறது. விருதுநகரில் ஊருக்கே ஒரு இராகுகாலம். இங்கே மச்சாளுக்கு ஒன்று.

"வதனிக்கு இப்ப அக்கா. ஆறு மணிக்கு முடியும்."

"அப்ப ஆறுக்கு ஏறுங்கோ. ஆறே முக்காலுக்கு முன்னம் சொல்லி முடிக்கவேணும்," என்று போனை வைத்துவிட்டார். ஒரு வருடம் பேசாதவர்கள், எந்த நேரத்தில் பேசுவது என்பதில் மட்டும் ஒரே நிமிடத்தில் ஒத்துப்போனார்கள்.

காருக்குள் வெக்கை தாங்கவில்லை. ஐந்தரைக்கு வீட்டுக் கதவு திறந்தது. உயரமான ஓர் அம்மா, தட்டில் மூன்று கண்ணாடிக் குவளையோடு படியிறங்கி வந்தார். தட்டைக் காரின் முன்மூடியில் வைத்தார். ஒரு குவளையின் மேல் மட்டும் சின்னத் தாள் மூடியிருந்தது. யாரையும் பார்க்காமல் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாம்பழச் சாறு.

"தாகத்துக்கு இராகுகாலம் இல்லை," என்று குகனேசன் எடுத்து வந்தான். தாள் மூடிய குவளையை அவன் கேட்காமலே வதனியிடம் நீட்டினான். வதனி ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"சீனி போடேல்லை," என்றார். எனக்கு விளங்கவில்லை. "எனக்குச் சீனி வருத்தம் அண்ணை, நீரிழிவு. அவாவுக்கு ஞாபகம் இருக்கு." கண் நிறைந்து வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. நான் என் பங்கை ஒரே மூச்சில் குடித்தேன், அதில் நிறையச் சீனி.

சரியாக ஆறு மணிக்குப் படியேறினோம். நாங்கள் மணியை அழுத்துமுன் கதவு திறந்தது. வதனி வாசலில் நின்று, பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி ஒரே மூச்சில் சொன்னார்: "மச்சாள், புதன்கிழமை துளசிக்குப் பலகாரச் சூடு. நீங்கள் வந்துதான் முதல் பலகாரம் போடவேணும்."

"வாறன். நான் போடாம வேற ஆர் போடுறது?" மலர் அக்கா வழிவிட்டு ஒதுங்கினார். "உள்ளுக்கு வாரும்."

வதனி உள்ளே போனார். வாசல் காணும் என்ற பேச்சை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. சாப்பிடாமல் போகக்கூடாது என்று மலர் அக்கா சட்டியை அடுப்பில் ஏற்றினார். "அண்டைக்கு அந்த மைக்கைக் கண்டவுடன நாக்கு ஒட்டிப்போச்சு வதனி. நான் என்ன செய்ய?"

"நாக்கு ஒட்டினா விரலால காட்டியிருக்கலாம் மச்சாள். நான் ரெண்டாவது வரிசையிலதானே இருந்தனான்."

"காட்டியிருக்கலாம்தான்," என்று மலர் அக்கா ஒப்புக்கொண்டார்.

சோஸை எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தார். கதவுத் தட்டில் ஒரு கண்ணாடிப் போத்தல். தேசிக்காய் ஊறுகாய். மூடியின் மேல் நாடாவில் 'வைகாசி' என்று எழுதியிருந்தது. வதனி அதை எட்டி எடுத்து எழுத்தைப் பார்த்தார். வதனியின் கையெழுத்தேதான். குகனேசன் ஜன்னல் வழியாகத் தெருவில் எதையோ மும்முரமாகப் பார்க்கத் தொடங்கினான்.

வருடம் முழுக்க அவன் லாரியில் ஊறுகாய் கடத்தியிருக்கிறான். வதனியின் ஊறுகாய் இல்லாமல் மலர் அக்காவுக்குச் சோஸ் வாய்க்கவில்லை. கேட்கவும் முடியவில்லை. தம்பியிடம் கையேந்தியிருக்கிறார். நான் இடி விழும் என்று காத்திருந்தேன்.

வதனி போத்தலைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். கணவனைப் பார்த்தார்.

"இது போன மாசம் போட்டது. தோல் இன்னும் கசக்குது. கீழ்த் தட்டில மாசியில போட்டது வடிவா ஊறிக்கிடக்க, மச்சாளுக்கு இதையே கொண்டந்து குடுத்தனீங்கள்?"

"அதுதான் ஒரு மாசமாச் சோஸ் சரிவரேல்லை," என்றார் மலர் அக்கா தம்பியைப் பார்த்து. இரண்டு பெண்களும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள். அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். திருச்சியில் எந்தப் பரீட்சையில் தேறியபோதும் அவன் முகத்தில் இவ்வளவு மகிழ்ச்சியை நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை கர்க்லாண்ட் வீட்டில் முப்பது பெண்கள். மலர் அக்கா முதல் பலகாரத்தை எண்ணெயில் போட்டார். அது பொங்கி மேலே வந்தபோது துளசி மாமியைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, பிரெஞ்சிலும் தமிழிலுமாக ஏதோ சொல்லிச் சிரித்தாள். உள்ளே சோஸ் கலக்கும் இடத்தில் ஊறுகாயை முதலில் போட்டது யார் என்ற வழக்கு மறுபடி தொடங்கி, சாட்சிகள் விசாரிக்கப்பட்டு, தீர்ப்பில்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. நான் சலாட்டைக் கோப்பையோடு வாங்கி ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். ஆடாகப் பிறந்தாலும் தப்பில்லை என்று அப்போது தோன்றியது.

வியாழன் மதியம் விமானம். குகனேசன் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான். வதனி வாசலுக்கு வந்து, மடித்த காகிதத்தில் பயற்றம் உருண்டை தந்தார். நான் பயணக் கட்டுரை எழுதுகிறவன் என்பது அவருக்குத் தெரியும்.

"அண்ணை, சோஸைப் பற்றி எழுதுவியளோ?"

"எழுதாம இருப்பேனா?"

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். மலர் அக்கா தூரத்தில், கொல்லைப்புறத்தில் எண்ணெய்ச் சட்டி கழுவிக்கொண்டிருந்தார், காதில் விழாது.

"அப்ப மச்சாளும் நானும் செய்தது எண்டு எழுதுங்கோ. அவான்ர பேரை முதல்ல போடுங்கோ, மூத்தவா." படியில் இறங்கி இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தார். "ஆனா ஊறுகாய் என்ர."